அதிர்ஷ்ட டியூபும் என் தங்கையின் கையும்

என் தங்கை எந்தச் செய்தியையும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சொன்னதாகச் சரித்திரம் இல்லை. நாங்கள் குடியிருப்பது நான்காவது மாடி. அவள் இரண்டாவது மாடி திரும்பும்போதே "அக்கா, கேளேன்!" என்று ஆரம்பித்துவிடுவாள். மூன்றாவது மாடிக்காரர்கள் எனக்கு முன்பே பாதிக் கதையைக் கேட்டு முடித்திருப்பார்கள். குரல்தான் அப்படி. காலடிச் சத்தம் மட்டும் கேட்கவே கேட்காது. சின்ன வயதில் தூங்குகிறவர்களைத் தாண்டிப் போய், சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்து, மூடி, திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். ஒரே போர்வைக்குள் கிடக்கும் எனக்கே தெரியாது. அதனால் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதும் உடனே திரும்பமாட்டாள்.

அவள் கையும் காலைப் போலத்தான், அவ்வளவு லேசு. முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அழுதுகொண்டே உள்ளே போகிற குழந்தைகள், "எப்போ ஊசி போடுவாங்க?" என்று கேட்டபடியே வெளியே வரும். ஊசி போட்டு முடிந்துவிட்டது என்பது அவற்றுக்குத் தெரியாது. அங்கே அவளைப் பார்த்த ஒரு டாக்டர் சொல்லித்தான் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே மனிதர்களுக்கு ஊசி போடுகிற வேலை இல்லை. எலிகளின் தசையிலிருந்து உயிருள்ள செல்களைத் தனியே பிரித்து எடுத்துக் கொடுக்கிற வேலை.

"பூனைக்கு எலி லேப்ல வேலை கெடச்சிருக்கு" என்று என் கணவர் முதல் நாளே ஆரம்பித்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு சிரிப்பு கிடைத்தால் அதைக் கடைசி நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோகாமல் விடமாட்டார்.

"அத்தான், போதும். பழசாயிடுச்சு" என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு எலி என்ற சொல்லே பிடிக்காது. தரைத்தளத்து வீட்டில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். "பொண்ணு எங்கே வேலை பாக்குறா?" என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டில் தையல் மிஷின் போட்டு, திரைச்சீலைகளுக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறேன். தங்கையின் வேலையைப் பற்றி எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை. ஆனால் அவள் எத்தனையோ வருடமாக என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே தேநீர் குடித்தபடி இதையே பேசியிருக்கிறாள். புரியாத இடத்தில் நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இதையும் எழுதிய பிறகு அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். "இது தப்பு" என்று அவள் சொன்ன இடங்களைத் திருத்தியிருக்கிறேன். "இவ்வளவு புகழாதே" என்று சொன்ன இடங்களைத் திருத்தவில்லை.

அவள் எனக்குச் சொன்னது இது. நம் தசை நூல் நூலாக இருக்கிறது. ஒவ்வொரு நூலின் மேலும் மெல்லிய உறை உண்டு. நூலுக்கும் உறைக்கும் நடுவில், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சின்னச் சின்னச் செல்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவைதான் தசையின் ஸ்டெம் செல்கள். வளர்ந்த உடம்பில் அவற்றுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. பெருகாமல், வளராமல், இருக்கிற இடம் தெரியாமல் ஓய்வில் கிடக்கும்.

"செத்த மாதிரியா?" என்று கேட்டேன்.

"சேச்சே! தூக்கம்க்கா. அதுவும் ஒரு காதைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தூங்கற தூக்கம். தசை எங்கேயாவது கிழிஞ்சுதுன்னா போதும், எழுந்துடும். உடம்பு பருக்கும், ரெண்டாகும், நாலாகும், கூட்டமா கிளம்பிடும். அதுல முக்காவாசி புதுத் தசையா மாறிடும். கொஞ்சம் மட்டும் மாறாது. பழைய எடத்துக்கே திரும்பி வந்து மறுபடி படுத்துக்கும்."

"அதுங்க மட்டும் ஏன் படுத்துக்குது? சோம்பேறியா?"

"அப்படிச் சொல்லாதே! அதுங்க படுக்கலைன்னா அடுத்த தடவை காயம் பட்டா எழுந்திருக்க ஆளே இருக்காது. எல்லாரும் வேலைக்குக் கிளம்பிட்டா வீட்டை யாரு பாத்துக்கறது? வயசாக ஆக இந்த எழுந்திருக்கறதும் படுக்கறதும்தான் தாறுமாறா போயிடுது. எது இதுங்களைத் தூங்க வெக்குது, எது எழுப்புதுன்னு தெரிஞ்சாப் போதும்க்கா..."

இந்த இடத்துக்கு வந்தால் அவள் குரல் உயரும், கையில் இருக்கிற தேநீர் தளும்பும். நான் துணியை நகர்த்திக்கொள்வேன்.

எது தூங்க வைக்கிறது என்பதைத்தான் அவளுடைய ஆய்வுக்கூடமும் தேடிக்கொண்டிருந்தது. அதன் தலைவி ஒரு பேராசிரியை; எல்லோரும் மேடம் என்று கூப்பிடுவார்கள். அவருக்குக் கீழே டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிற ஒருவன். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்கிற உயரம் என்பதால் என் தங்கை அவனை நெட்டை என்றே சொல்வாள், அவன் எதிரிலும். ஓய்வில் இருக்கிற செல்களுக்குள் ஒரு புரதம் நிறைய இருப்பதை நெட்டை கண்டுபிடித்திருந்தான். ஒரு சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது பச்சையாக ஒளிரும். தூக்கம் கலையாமல் பார்த்துக்கொள்வது இதுதான் என்று முடிவு செய்து, அதற்குக் காவல்காரன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். மேடத்தின் கட்டுரை, நெட்டையின் பட்டம் இரண்டும் அந்தக் காவல்காரனை நம்பி நின்றன.

அந்தக் காவல்காரனைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் செல்களை வெளியே எடுத்தாக வேண்டும். அது என் தங்கை வேலை. எலியின் காலிலிருந்து எடுத்த தசையைச் சின்னக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்குவாள். அந்தக் கத்தரியை வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் சண்டைதான். நறுக்கியதைப் பல டியூப்களில் போட்டு, செல்களைப் பிடித்துவைத்திருக்கும் பசையைக் கரைக்கிற ஒரு திரவத்தை ஊற்றி, உடம்புச் சூட்டில் வெந்நீர்த் தொட்டிக்குள் ஆடவிடுவாள். கரைந்த பிறகு ஒவ்வொரு டியூபாக வெளியே எடுத்து, வலையில் வடிகட்டி, செல்களை இனம் பிரிக்கிற இயந்திரத்துக்கு அனுப்புவாள். ஒருத்தி கைதானே? முதல் டியூப் சீக்கிரம் வெளியே வரும். கடைசி டியூப் தன் முறை வருகிற வரைக்கும் தொட்டியிலேயே கிடக்கும்.

அந்தக் கடைசி டியூபுக்கு ஆய்வுக்கூடத்தில் அதிர்ஷ்ட டியூப் என்று பெயர். அதில்தான் பச்சை எப்போதும் பளிச்சென்று இருக்கும். படம் எடுத்தால் அப்படி அழகாக வரும். மாணவர்கள் எல்லாம், "அக்கா, இன்னிக்கு கடைசி எனக்கு", "போன தடவை நீதானே எடுத்தே, இந்தத் தடவை எனக்கு" என்று அடித்துக்கொள்வார்கள். சில நாள் நாணயம் சுண்டிப் பார்ப்பார்களாம்.

"கடைசிக்கு மட்டும் என்னடி அப்படி?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அதுவா? கடைசி டியூபுக்கு வரும்போது என் கை நல்லா ஓட ஆரம்பிச்சிருக்கும்க்கா. ஒரு செல்லுக்கும் வலிக்காது" என்றாள். சொல்லும்போது விரல்களை விரித்துத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வேறு எதிலும் கர்வம் கிடையாது. புடவை, நகை, தலைமுடி என்று எதையும் கண்ணாடியில் இரண்டாம் தடவை பார்க்கமாட்டாள். அந்தக் கை ஒன்றுதான்.

ஒரு மாலை படிக்கட்டிலிருந்து குரல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவள் என் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கைதான் சரியில்லையாம்."

நடந்தது இதுதான். மேடத்தின் பழைய சிநேகிதி ஒருவர் வேறு ஊரில் இதே வேலை செய்கிறார். அவர் செல்களை வெளியே எடுப்பதில்லை. தசையை அப்படியே ஒரு நொடியில் உறையவைத்து, காகிதத்தை விட மெல்லியதாகச் சீவி, அதில் பார்க்கிறார். அப்படிப் பார்த்தால் தூங்குகிற செல்களில் பச்சையே இல்லை. துளிகூட இல்லை. அங்கே இல்லாத காவல்காரன் இங்கே மட்டும் எப்படி வந்தான்? மேடம் யோசித்துவிட்டு ஒரு காரணம் சொன்னார். நசுங்கிய செல் எந்தச் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது பொய்யாகப் பச்சை தெரியும். அதாவது நறுக்குகிற கை முரட்டுக் கையாக இருக்கலாம்.

"முரட்டுக் கையா! உனக்கா?" என்றாள் அம்மா. அவளும் மேலே வந்திருந்தாள்.

"மேடம் கோபமா சொல்லலைம்மா. இருக்கலாம்னுதான் சொன்னாங்க. பக்கத்து லேப்ல இதே வேலையைப் பண்றவர் ஒருத்தர் இருக்கார். அவரை வரச்சொல்லி, பக்கத்துல பக்கத்துல வெச்சு ரெண்டு பேரையும் பிரிக்கச் சொல்லப்போறாங்க. என் கையாலதான் கெடுதுன்னு தெரிஞ்சா, நான் அந்த மேசையை விட்டுடணும். கண்ணாடிப் பாத்திரம் கழுவற ரூமுக்குப் போகணும்."

"போனா என்ன? சம்பளம் கொறையுமா?"

"கொறையாது."

"அப்புறம் என்னடி? எலி தொல்லையாவது விட்டுது!"

அவள் தேநீரைக்கூட உட்கார்ந்து குடித்தாள். அதைப் பார்த்த பிறகு அம்மாவும் எலியைப் பற்றிப் பேசவில்லை.

பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர் வந்தார். தடித்த கண்ணாடி போட்டவர், எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. பல வருட அனுபவம். வரும்போதே, "என்னம்மா, நம்ம ரெண்டு பேருக்கும் பரீட்சையாமே? எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பரீட்சைன்னா காய்ச்சல் வந்துடும்" என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்திருக்கிறார். ஒரே எலியின் ஒரு கால் அவருக்கு, மறு கால் இவளுக்கு. அவரவர் கத்தரி, அவரவர் டியூப்கள், ஒரே வெந்நீர்த் தொட்டி.

அன்று மாலை இரண்டாவது மாடிகூட இல்லை, தெருக்கதவிலிருந்தே குரல் கிளம்பிவிட்டது.

"அக்கா! நான் முட்டாள்! நாங்க எல்லாருமே முட்டாள்!"

இப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் தன்னைத் திட்டிக்கொண்டு நான் கேட்டதில்லை. மூன்றாவது மாடியில் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவள் உள்ளே வந்து, மிஷின் மேலிருந்த துணியைத் தள்ளிவிட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"சோடாபுட்டி சாரோட டியூப்லயும் பச்சை இருக்கு!"

"அப்போ உன் கை தப்பிச்சிடுச்சு."

"அதான் இல்லே. ரெண்டு பேருமே நசுக்கியிருக்கலாம், நறுக்கற முறையே முரடா இருக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. சரியாத்தான் சொன்னாங்க. ஆனா நீ அதை விடு. அவரோட கடைசி டியூப் இருக்கு பாரு, கடைசி டியூப்! அதுவும் பளிச்சுனு இருக்கு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, அவருக்கு அதிர்ஷ்ட டியூப்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அவரு கை வேற, என் கை வேற. என் கை ஓட ஆரம்பிச்சதாலதான் கடைசி நல்லா வருதுன்னு நான் இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேனே, அவருக்கும் ஏன் கடைசி மட்டும் நல்லா வரணும்? நறுக்கறதாலதான் பச்சைன்னா எல்லா டியூப்லயும் ஒரே மாதிரி இல்ல இருக்கணும்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல, அவங்கவங்க ஒரே கத்தரியாலதானே நறுக்கினோம்?"

"ஆமா."

"அப்போ கடைசி டியூபுக்கு மட்டும் என்ன வித்தியாசம்?"

எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். "அது தொட்டியில ரொம்ப நேரம் கெடக்கும்னு சொல்லுவியே."

அவள் தொடையில் அடித்துக்கொண்டாள். "அதேதான்! வெளியே எடுத்த நேரத்துலேர்ந்து அதுங்க எழுந்துக்கிட்டே இருக்குக்கா! காத்திருக்கற நேரம் கூடக்கூடப் பச்சை கூடுது. நாங்க தூங்கற செல்லைப் பாக்கறதா நெனச்சுக்கிட்டு, எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கற செல்லைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். காவல்காரன்னு பேரு வெச்சோமே, அவன் காவல்காரன் இல்லே. கதவைத் தட்டி எழுப்பறவன்!"

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். கதையைச் சுருக்கிச் சொன்னேன்.

"நீயா எழுப்புறே? நீ வந்தா ஈகூடப் பறக்காதே" என்றாள் அம்மா.

"நான் எவ்வளவு மெதுவா எடுத்தா என்னம்மா? அதுங்க இருக்கற வீட்டோட கூரையையே பிரிச்சுத்தானே வெளியே எடுக்கறேன். அதுங்களுக்கு அது காயம்தான். காயம் பட்டா எழுந்திருக்கணும்னுதானே படுத்திருக்குங்க?"

என் கணவர் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இது அத்தை பண்ற வேலைதான். நான் மதியம் கொஞ்சம் கண்ணை மூடினா, பக்கத்துல வந்து, 'மாப்பிள்ளை, தூங்கறீங்களா? தூங்கினா தூங்குங்க'ன்னு கேட்டு எழுப்பிட்டுப் போவாங்க."

"நான் அன்னிக்கு ஒரு நாள்தான் கேட்டேன்" என்றாள் அம்மா.

"நேத்து கேட்டீங்க."

தங்கை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஆனா இதெல்லாம் நான் சொல்றதுதான், அத்தான். நிரூபிக்கணும். இல்லேன்னா கை கெட்டவ சாக்கு சொல்றான்னுதான் ஆகும். அப்புறம், நெட்டை என்ன ஆவான்? அவனோட பட்டம் மொத்தமும் அந்தப் பச்சையிலதான் நிக்குது."

மறுநாள் அவள் முதலில் போனது நெட்டையிடம்தான். மேடத்திடம் போவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள். அவன் கேட்டுவிட்டு, தான் எடுத்த படங்களையெல்லாம் திறந்து, எது எந்த டியூப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். முதல் டியூப் படங்கள் மங்கல். கடைசி டியூப் படங்கள் பளிச். அவன் சுவரில் ஒட்டி வைத்திருந்த மிக அழகான படம் அதிர்ஷ்ட டியூபில் எடுத்தது.

"அக்கா, போச்சு" என்றானாம். அடுத்த மூச்சிலேயே, "இருங்க, இருங்க. அப்போ அதுங்க எழுந்திருக்கற முதல் நிமிஷங்களை நான் படம் புடிச்சிருக்கேன்! யாருகிட்ட இருக்கு இது?" என்று எழுந்து, வழக்கம்போல் தலையை இடித்துக்கொண்டானாம்.

வழியும் அவன்தான் சொன்னான். எழுந்திருப்பதற்கு முன்னாலேயே செல்லை அந்த நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஃபார்மலின் என்கிற மருந்துத் திரவத்தில் போட்டால் செல் அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். எழாது, படுக்காது. முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு பிரித்து எடுத்தால், எவ்வளவு நேரம் தொட்டியில் கிடந்தாலும் கவலை இல்லை. ஒரே தசையை நான்காகப் பிரிப்பது என்று தீர்மானித்தார்கள். ஒன்றை எடுத்தவுடனே ஃபார்மலினில் போடுவது. இன்னொன்றை நறுக்கியவுடனே. மூன்றாவதைத் தொட்டியில் பாதி நேரம் வைத்த பிறகு. நான்காவதை, அதிர்ஷ்ட டியூபைப் போல, கடைசி வரை ஆடவிட்ட பிறகு.

மேடம் இதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "ரெண்டாவது டியூப்தான் முடிவு சொல்லும். நறுக்கினவுடனே பச்சை தெரிஞ்சா, குற்றம் கையில. நறுக்கின பிறகும் பச்சை இல்லாம, அப்புறம் ஏறினா, நீ சொல்றது சரி."

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் ஃபார்மலினில் போட்ட தசை பசை கரைக்கிற திரவத்துக்கு மசியவில்லை.

"ரப்பர்க்கா, ரப்பர்! இழுத்தா இழுபடுது, பிரியவே மாட்டேங்குது."

ஃபார்மலினைக் குறைத்தார்கள். அப்போது தசை கஞ்சியாகக் கரைந்து செல்களும் உடைந்துபோயின. கொஞ்சம் கூட்டினால் ரப்பர், கொஞ்சம் குறைத்தால் கஞ்சி. வாரக்கணக்கில் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் "ரப்பர்!" என்றோ "கஞ்சி!" என்றோ குரல் கேட்டபடி இருந்தது. மூன்றாவது மாடிக்காரம்மா என்னிடம், "உங்க தங்கச்சி ஏதாவது சமையல் வகுப்புக்குப் போறாங்களா?" என்று கேட்டார்.

இந்த நாட்களில் அவள் ஒருமுறைகூடச் சோர்ந்து உட்காரவில்லை என்பதை நான் எழுதியே ஆக வேண்டும். மேசை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, எனக்குத் தெரியும். கையை அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அந்தப் பயத்துக்கு மேலே வேறு ஏதோ ஒன்று அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடுகிற தட்டில் கரண்டியால் கோடு போட்டு, "இது உறை, இது நூல், இங்கேதான் படுத்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒருநாள், திரவத்தை மாற்றி, குளிரில் ஊறவைத்துப் பிறகு சூடாக்கினால் என்ன என்று சோடாபுட்டி சொன்னாராம். அது பாதி சரியாக வந்தது. மீதிப் பாதி, எத்தனை லேசாகக் குலுக்க வேண்டும் என்பதில் இருந்தது. அதை அவள் கைதான் கண்டுபிடித்தது. அந்த மாலை படிக்கட்டில் ரப்பரும் இல்லை, கஞ்சியும் இல்லை. "பிரிஞ்சிடுச்சு!" என்று ஒரே ஒரு வார்த்தை.

முடிவு தெரிகிற நாளன்று எனக்கு மதியம் ஃபோன் வந்தது.

"அக்கா, சாயம் ஏத்தியாச்சு. கொஞ்ச நேரத்துல பாக்கப்போறோம். எனக்குப் பாக்கத் தைரியம் இல்லே. நீ வாயேன்."

"நானா? என்னை உள்ளே விடுவாங்களா?"

"எனக்குக் கோட்டு தெச்சு வெச்சிருக்கியே, அதைக் குடுக்க வந்தேன்னு சொல்லு. மேடம்கிட்ட கேட்டுட்டேன்."

ஆய்வுக்கூடத்துக் கோட்டின் கை அவளுக்கு எப்போதும் தொளதொளவென்று இருக்கும், டியூப்களில் படும். மணிக்கட்டில் இறுக்கமாக நிற்கிற மாதிரி நான்தான் தைத்துக் கொடுப்பேன். அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் கணவரின் பேருந்துதான் வந்தது. விஷயத்தைச் சொன்னதும், "உட்காரு, உட்காரு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ஒரு சிரிப்புப் பேச்சும் பேசாமல் ஓட்டினார்.

நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவுகள். உள்ளே குளிர்பெட்டிகளின் ரீங்காரம். தங்கையின் மேசை ஜன்னலோரம் இருந்தது. சின்னக் கத்தரி, ஒரு மடித்த துணியின் மேல். எல்லாம் கோடு போட்ட மாதிரி அதனதன் இடத்தில். வீட்டில் அவளுடைய அலமாரியை நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

மைக்ராஸ்கோப் இருக்கிற அறையை இருட்டாக்கியிருந்தார்கள். மேடம், நெட்டை, சோடாபுட்டி, என் தங்கை, நான். மேடம் என்னைப் பார்த்து, "அக்காவா? வாங்க. இவ உங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பா" என்றார். நான் கோட்டை நீட்டினேன்.

முதலில் நான்காவதை வைத்தார்கள். மேடம் பார்த்தார், நெட்டை பார்த்தான். "பளிச்" என்றான். அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். மூன்றாவதில் பச்சை பாதிதான் இருந்தது. பிறகு முதலாவது, நறுக்காமல் நேராக ஃபார்மலினில் போட்டது. மேடம் வெகுநேரம் குனிந்தே இருந்தார். "செல்கள் இருக்கு. பச்சை இல்லே" என்றார். அவர் சிநேகிதி சொன்னது சரி என்றாகிவிட்டது. எல்லோரும் மூச்சை விட்டார்கள், என் தங்கை மட்டும் விடவில்லை.

இரண்டாவது டியூபின் கண்ணாடித் தகட்டை அவளே எடுத்து வைத்தாள். வைத்தவள் பார்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ பாரு."

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"உனக்குக் கண்ணு இருக்கில்லே? பச்சை இருக்கா இல்லையான்னு சொல்லு. நீ ஒருத்திதான் இங்கே எதுவும் எதிர்பாக்காம பாப்பே."

மேடம் தலையசைத்தார். குனிந்தேன். கறுப்பு. நெட்டை ஏதோ ஒரு திருகைத் திருப்பியதும் கறுப்புக்குள் நீலப் புள்ளிகள் முளைத்தன, துணியில் தைத்த மணிகள் போல. ஒவ்வொரு நீலமும் ஒரு செல்லின் நடு என்று நெட்டை சொன்னான். "இப்போ பச்சைக்கு மாத்தறேன்" என்றான். ஒரு சொடுக்கு. நீலம் போய்விட்டது.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். விரித்துப் பார்த்தேன்.

"சொல்லேன்க்கா!"

"இருடி. தேடுறேன்." மேலிருந்து கீழே, ஓரத்திலிருந்து ஓரம், தையல் விட்டுப்போன இடத்தைத் தேடுகிற மாதிரி தேடினேன். எனக்கே பயமாக இருந்தது. நான் எதையாவது தப்பாகத் தொட்டுவிட்டேனோ, கண்ணில்தான் கோளாறோ என்று. "ஒண்ணும் தெரியலையேம்மா. ஒரே இருட்டா இருக்கு. மெஷின் அணைஞ்சு போச்சா?"

மேடம் என்னை நகர்த்திவிட்டுக் குனிந்தார். நீலம், பச்சை, நீலம், பச்சை என்று மாற்றி மாற்றிச் சொடுக்கினார். தகட்டை நகர்த்தி வேறு இடம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததை அந்த இருட்டிலும் பார்க்க முடிந்தது.

"அணையலே. நல்லா தூங்குது" என்றார். "உன் கத்தரி மேல பட்டது அதுங்களுக்குத் தெரியவே இல்லை. நறுக்கி முடிச்சப்புறமும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. தொட்டியிலதான் எழுந்திருக்கு."

நெட்டை கை தட்டினான். சோடாபுட்டி, "பரீட்சையில பாஸ்! என்னையும் சேத்து!" என்றார். என் தங்கை மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஒன்றுமே தெரியாத அந்த இருட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டை, உன் பட்டம்?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

"தலைப்பை மாத்தணும், அவ்வளவுதான். தூங்க வெக்கறவன்னு எழுதினதை அடிச்சிட்டு, முதல்ல எழுப்பறவன்னு எழுதப்போறேன். ஒரு வருஷம் கூட ஆகும். ஆகட்டுமே!"

மேடம் விளக்கைப் போட்டார். கட்டுரையை நிறுத்திவைக்கப்போவதாகவும், சிநேகிதிக்கு அன்றே ஃபோன் பண்ணப்போவதாகவும் சொன்னார். பிறகு என் தங்கை பக்கம் திரும்பினார்.

"எழுந்திருக்கறதைப் பாத்தாச்சு. இத்தனை நாளா நம்மால பாக்கவே முடியாதது ஒண்ணு இருக்கு. காயம் ஆறின பிறகு, திரும்பி வந்து படுக்கற செல். பாக்கலாம்னு வெளியே எடுத்தாலே எழுப்பிடுவோமே, எப்படிப் பாக்கறது? இப்போ முடியும். படுக்கற நேரத்திலேயே நிறுத்திடலாம். எது முதல்ல படுக்குது, எங்கே படுக்குது, படுக்கும்போது அந்தப் பச்சை எப்படி அணையுது, எல்லாம் பாக்கணும். உன் மேசையிலதான் ஆரம்பிக்கணும். வேற யார் கைக்கும் அந்தக் குலுக்கல் வராது."

"எப்போ ஆரம்பிக்கலாம் மேடம்?"

"நாளைக்கு ஆரம்பிக்கலாம். இன்னிக்கு வீட்டுக்குப் போ. அக்கா வந்திருக்காங்க இல்லே."

"நாளைக்கா?" என்றாள் என் தங்கை. நான் கொண்டுவந்த கோட்டை அதற்குள் மாட்டிக்கொண்டுவிட்டாள். மணிக்கட்டு இறுக்கமாக, சரியாக இருந்தது. "மேடம், காயம் ஆறின எலி ரெண்டு கூண்டுல இருக்கே. ஃபார்மலின் இன்னும் மீதி இருக்கு. தொட்டி சூடா இருக்கு."

மேடம் நெட்டையைப் பார்த்தார். நெட்டை ஏற்கெனவே டியூப்களை எடுத்து அடுக்க ஆரம்பித்திருந்தான்.

நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குச் சேர்ந்து போகலாம் என்று மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கத்தரியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் நான் இன்னும் அங்கே நிற்பது அவள் கண்ணில் பட்டது.

"என்னக்கா, இன்னும் நிக்கிறே? நீ கிளம்பு. எனக்கு நெறைய வேலை இருக்கு."